கசிந்த போலீஸ் தண்டனைக் கோப்புகள்: பத்திரிகை வெளியிட்டது சரியா?

தாழ்வாரம் எழுதியது:

நியூயார்க் போலீஸ் விவகாரத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2018 மார்ச்சில் பஸ்ஃபீட் நியூஸ் என்ற அமெரிக்கச் செய்தித் தளம் ஒரு பெரிய கட்டுரை போட்டது. 2011 முதல் 2015 வரை, வேலையை விட்டே தூக்கும் அளவுக்குத் தப்பு செய்த குறைந்தது 319 பேர் அதே துறையில் நீடித்தார்கள் என்பது அதன் சாரம். அறிக்கையில் பொய் எழுதியவர், விசாரணையில் பொய் சொன்னவர், குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர், வேண்டியவர்களின் அபராதச் சீட்டை அமுக்கியவர் என்று எல்லா ரகமும் அதில் உண்டு. அடுத்த மாதமே சுமார் 1,800 பேரின் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகளை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றிவிட்டார்கள்.

அந்தக் கோப்புகள் அப்போது சட்டப்படி ரகசியம். பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் கொடுத்ததைத்தான் வெளியிட்டிருக்கிறார்கள். இது சட்டப்படி செல்லுமா, செல்லுமென்றாலும் நியாயமா என்று இரண்டையும் பேசலாம் என்றுதான் இந்த இழை. கட்சி கட்டி அடித்துக்கொள்ளாமல் பேசுவோம்.

சுடுசோறு எழுதியது:

இதில் பேச என்ன இருக்கிறது? மக்கள் வரிப்பணத்தில் சம்பளம், இடுப்பில் துப்பாக்கி. ஆனால் செய்த தப்பு மட்டும் சொந்த விஷயமாம். நன்றாக இருக்கிறது கதை.

காக்கிவீட்டுப்பிள்ளை எழுதியது:

சுடுசோறு, உங்கள் கோபம் புரிகிறது. என் அப்பா போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

போலீஸ்காரர் மேல் புகார் வருவது தினசரி நடப்பது. கைதானவர் கொடுப்பார், அவர் தம்பி கொடுப்பார், வாரண்டோடு போன வீட்டிலிருந்து வரும், மொட்டைக் கடுதாசியும் வரும். அப்புறம் மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை என்றால் சின்ன விஷயத்துக்கெல்லாம் சார்ஜ் மெமோ. அப்பாவுக்கு ஒரு மெமோ வந்தது. விசாரணையில் ஒன்றுமில்லை என்று முடிந்தது. அது முடியும்வரை வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அந்தத் தாள் மட்டும் இணையத்தில் கிடந்திருந்தால்? "ஒன்றுமில்லை" என்று முடித்த உத்தரவை எவன் தேடிப் படிக்கப் போகிறான்? புகாரை மட்டும்தான் படிப்பான்.

தப்பு செய்தவனை வீட்டுக்கு அனுப்புங்கள், ஜெயிலுக்கும் அனுப்புங்கள். நிரூபணமாகாத புகாரை ஊருக்குக் காட்டாதீர்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

சட்டப்புள்ளி எழுதியது:

முதல் கேள்விக்கு வருகிறேன். நியூயார்க் மாநிலத்தின் சிவில் உரிமைகள் சட்டத்தில் 50-ஏ என்ற பிரிவு 1976ல் வந்தது. வந்த காரணம் ஒன்றும் கெட்டதல்ல. சாட்சி சொல்ல வரும் போலீஸ்காரரைக் குறுக்கு விசாரணையில் மடக்க, அவருடைய பழைய கோப்பை எல்லாம் கிளறிக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் இந்தப் பிரிவு. பதவி உயர்வுக்கோ பணி நீடிப்புக்கோ மதிப்பிடப் பயன்படும் பணிப்பதிவுகள் ரகசியம். சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றம் உத்தரவிட வேண்டும் என்றது. நாளாக நாளாக அது வீங்கிக்கொண்டே போனது. 2018 டிசம்பரில் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம், பெயரை அழித்துவிட்டுக் கொடுப்பதற்குக்கூட இந்தப் பிரிவு இடம் தராது என்று சொல்லிவிட்டது. பஸ்ஃபீட் வெளியிட்ட அதே வருடம். நேர்வழி எவ்வளவு அடைபட்டிருந்தது என்பதற்கு இது போதும்.

ஆனால் 50-ஏ கட்டிப்போட்டது துறையின் கையை. பத்திரிகையின் கையை அல்ல. அமெரிக்காவில் இந்த வேறுபாடு பழையது. 1971ல் வியட்நாம் போர் பற்றிய பென்டகன் ஆவணங்கள் வெளியாவதைத் தடுக்க அரசு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. 2001ல் பார்ட்னிக்கி வழக்கு. பென்சில்வேனியாவில் ஆசிரியர் சங்கத்தினர் இருவர் செல்போனில் பேசியதை யாரோ திருட்டுத்தனமாகப் பதிவு செய்கிறார்கள், வானொலிக்காரர் ஒருவர் அதை ஒலிபரப்புகிறார். பதிவு செய்தது குற்றம்தான். ஆனால் அதில் பங்கில்லாத ஊடகத்தை, பொது அக்கறையுள்ள விஷயத்தை வெளியிட்டதற்காகத் தண்டிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.

பங்கில்லாமல் இருப்பதுதான் இங்கே முக்கியம். நிருபரே பூட்டை உடைத்தாலோ, கணினியில் புகுந்தாலோ இந்தப் பாதுகாப்பு கிடையாது.

சுடுசோறு எழுதியது:

அப்போது மிரட்டலே வராதா?

சட்டப்புள்ளி எழுதியது:

வரும். 2019ல் கலிஃபோர்னியாவில் வந்தது. குற்றவாளிகள் என்று தீர்ப்பான போலீஸ்காரர்கள், போலீஸ் வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் என்று சுமார் 12,000 பேர் கொண்ட பட்டியல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் புலனாய்வு நிருபர்களுக்குக் கிடைத்தது. கசிவுகூட இல்லை, அவர்கள் கேட்டார்கள், அரசு அமைப்பே கொடுத்தது. பிறகு மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம், அது தவறுதலாக அனுப்பப்பட்டது, வைத்திருப்பதே குற்றம், அழித்துவிடுங்கள் என்று கடிதம் எழுதியது. அவர்கள் அழிக்கவில்லை. செய்தியாக்கினார்கள்.

பழையநிருபர் எழுதியது:

சட்டப்புள்ளி சொல்வதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் "செல்லும்" என்பதோடு நின்றுவிட்டால் பத்திரிகைக்காரன் வேலை முடிந்தது என்று ஆகிவிடும். அங்கேதான் ஆரம்பம்.

கையில் ஒரு கட்டுத் தாள் வந்து விழுகிறது. முதலில் வரும் சந்தேகம், இது உண்மையா என்பது. இரண்டாவது, கொடுத்தவருக்கு இதில் என்ன லாபம். உள்ளே இருப்பவர்களுக்குள் ஆயிரம் பகை இருக்கும், தனக்கு வேண்டாதவனின் கோப்பை மட்டும் உருவிக் கொடுத்திருக்கலாம். மூன்றாவதாக, என்ன விட்டுப் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றையும் தீர்க்காமல் அச்சிடுகிறவன் தபால்காரன்.

பஸ்ஃபீட்காரர்கள் போலீஸ்காரர்களுக்கே நூற்றுக்கும் மேற்பட்ட போன் போட்டார்கள், சிலர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள், அரசு வழக்கறிஞர்கள், எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களிடம் பேசினார்கள், ஆயிரக்கணக்கான பக்க நீதிமன்ற ஆவணங்களோடு ஒப்பிட்டார்கள். "உங்கள் பெயர் எங்களிடம் இருக்கும் பட்டியலில் இருக்கிறது, என்ன சொல்கிறீர்கள்?" என்று சம்பந்தப்பட்டவரிடமே கேட்பது நிருபருக்குப் பிடிக்காத வேலை. திட்டு வாங்க வேண்டும். ஆனால் அந்த ஒரு போனில்தான் "அது நானில்லை, அதே பெயரில் இன்னொருவர்" என்பது வெளியே வரும். பெரிய துறைகளில் ஒரே பெயரில் நான்கைந்து பேர் இருப்பார்கள்.

மழைக்குருவி எழுதியது:

கசியவிட்டவருக்கு என்ன ஆகும்? அதைப் பற்றி யாருமே பேசவில்லையே. பத்திரிகைக்குப் பரிசு கிடைக்கும், கொடுத்தவருக்கு வேலை போகும்.

பழையநிருபர் எழுதியது:

மழைக்குருவி, சரியான இடத்தைத் தொட்டீர்கள். எரிக் கார்னரைத் தெரிந்திருக்கும். 2014 ஜூலையில் ஸ்டேட்டன் தீவில், சில்லறையில் சிகரெட் விற்றார் என்று மடக்கியபோது கழுத்தைப் பிடித்து அமுக்கியதில் இறந்தவர். பிடித்தவர் டேனியல் பேன்டலியோ. அவருடைய பழைய கோப்பைக் காட்டுங்கள் என்று வழக்கறிஞர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், 50-ஏ என்று மறுத்துக்கொண்டே இருந்தார்கள். 2017 மார்ச்சில் திங்க்புராகிரஸ் தளத்தில் அது வெளியானது. கார்னர் சம்பவத்துக்கு முன்பே 7 புகார்கள், அவற்றில் 14 குற்றச்சாட்டுகள், 4 நிரூபணமானவை. போலீஸ் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் சிவிலியன் வாரியம் இருக்கிறது. அது பரிந்துரைத்ததை விட லேசான நடவடிக்கையோடு துறை முடித்துக்கொண்டிருந்தது.

அதே மார்ச் மாதக் கடைசியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பேன்டலியோவின் பதிவு ரகசியம், தரத் தேவையில்லை என்று. உலகம் முழுக்கப் படித்து முடித்த பிறகு!

கொடுத்தவர் அந்த வாரியத்தில் வேலை பார்த்தவர். சில நாளிலேயே கண்டுபிடித்தார்கள், வேலையை விட்டுப் போனார். ஒரு கோப்பை யார் யார் திறந்தார்கள் என்று கணினியே சொல்லிவிடும் காலம் இது. ஆகவே ஆவணத்தை அப்படியே ஸ்கேன் செய்து போடுவது பல நேரம் கொடுத்தவரைக் காட்டிக்கொடுப்பதுதான். பிரின்ட் எடுத்த நேரம், ஓரத்தில் ஒரு டிக், மடிப்பு, எல்லாமே தடயம். தகவலைப் புதிதாக டைப் செய்து அட்டவணையாகப் போடுவது வாசகருக்காக மட்டுமல்ல.

காக்கிவீட்டுப்பிள்ளை எழுதியது:

பேன்டலியோ விஷயத்தில் வெளியிட்டது தப்பு என்று நானும் சொல்ல மாட்டேன். ஒரு உயிர் போயிருக்கிறது, கேள்வி அவரைப் பற்றியது. ஆனால் அது ஒருவரின் கோப்பு. 1,800 பேரை மொத்தமாகக் கொட்டியது? அதில் லேட்டாக வந்தவன், வண்டியைக் கொண்டுபோய் இடித்தவன் எல்லாம் பொய் சாட்சிக்காரனோடு ஒரே பட்டியலில் வரிசையாக நிற்கிறான். கூகுளில் பெயரைப் போட்டால் இதுதான் முதலில் வரும். இதற்கு என்ன பதில்?

கட்டம்போட்டசட்டை எழுதியது:

நான் நியூயார்க்கில் இருக்கிறேன், வேலை தரவு சம்பந்தப்பட்டது. பிள்ளை கேட்டதற்கு என் பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பல வருடங்களாக ஒரு பழக்கம் இருந்தது. போலீஸ் தலைமையகத்தில் பத்திரிகைத் தொடர்பு அலுவலகத்தில் ஒரு கிளிப்போர்டு வைத்திருப்பார்கள். யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு மாற்றல், யாருக்கு என்ன தண்டனை என்று துறை உத்தரவுகள் அதில் செருகியிருக்கும். நிருபர்கள் போய்ப் புரட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். 50-ஏ சட்டம் அப்போதும் இருந்ததுதான். யாருக்கும் உறுத்தவில்லை. 2016ல் திடீரென்று, இதுவரை நாங்கள் செய்துவந்தது அந்தச் சட்டத்துக்கு விரோதம் என்று கிளிப்போர்டை எடுத்துவிட்டார்கள். நேற்று வரை மேசை மேல் கிடந்த தாள் இன்று ரகசியம். அதனால் இந்த ரகசியத்தைப் புனிதமான ஒன்றாகப் பேசினால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

இதைவிட வேடிக்கை, துறைக்குள் நடக்கும் ஒழுங்கு விசாரணை பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கக்கூடியது. சாட்சி சொல்வதைக் கேட்கலாம், குறுக்கு விசாரணையைக் கேட்கலாம். கடைசியில் என்ன தீர்ப்பு, என்ன தண்டனை என்று 2020 வரை கேட்டால், அது ரகசியம் என்பார்கள்.

காரணம் இருக்கிறது. விசாரிப்பவர் தருவது பரிந்துரைதான். முடிவு கமிஷனர் கையில். அவர் தண்டனையைக் குறைக்கலாம், மாற்றலாம், தள்ளுபடியும் செய்யலாம். அந்தப் பட்டியலில் திரும்பத் திரும்ப வரும் தண்டனை ஒன்று உண்டு: 30 நாள் விடுப்பு பறிப்பு, அதோடு ஒரு வருடம் "பணிநீக்கக் கண்காணிப்பு". அதாவது வேலையை விட்டு நீக்கியது மாதிரி, ஆனால் நீக்கவில்லை; ஒரு வருடம் ஒழுங்காக இருந்தால் பழைய நிலைமை. பொய் சொன்னவனுக்கும் அதுதான், அடித்தவனுக்கும் அதுதான்.

ஒருவனின் கோப்பை மட்டும் பார்த்தால் "சரி, ஏதோ இரக்கம் காட்டியிருக்கிறார்கள்" என்று தோன்றும். 1,800 வரிசைகளை அடுத்தடுத்து வைத்தால்தான் ஒரே தப்புக்கு ஒருவன் வீட்டுக்குப் போயிருக்கிறான், இன்னொருவன் விடுப்பை இழந்ததோடு தப்பித்திருக்கிறான் என்பது தெரியும். அந்த வித்தியாசத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் பட்டியலில் இருக்கும் போலீஸ்காரர் இல்லை, கையெழுத்துப் போட்டவர். ரகசியம் காப்பாற்றியது அவரைத்தான். கோப்பின் மேல் கீழ்நிலைப் போலீஸ்காரர் பெயர் இருப்பதால் அவருடைய அந்தரங்கம் மாதிரி பேசுகிறோம்.

அப்பாவுக்கு வந்த மெமோவையே எடுத்துக்கொள்ளுங்களேன், பிள்ளை. பிடிக்காத மேலதிகாரி சின்ன விஷயத்துக்கு மெமோ கொடுக்கிறார் என்றீர்கள். அதே மேலதிகாரி தனக்கு வேண்டியவனின் பெரிய விஷயத்தை அமுக்கியதை யாராவது பார்க்க முடிந்ததா?

தாழ்வாரம் எழுதியது:

இது நான் யோசிக்காத கோணம். அப்படியானால் பெயர்களை நீக்கிவிட்டு வெளியிட்டிருந்தால் போதாதா? தண்டனை எப்படிக் கொடுக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும், யார் வீட்டுப் பிள்ளைக்கும் பள்ளியில் அவமானம் இருக்காது.

சட்டப்புள்ளி எழுதியது:

பெயர் இல்லாமல் பாதிப் பயன்தான். 1963ல் பிரேடி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான சான்றை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது என்றது. 1972ல் கிக்லியோ வழக்கு, சாட்சியின் நம்பகத்தன்மையைக் குலைக்கும் தகவலும் அதில் சேரும் என்றது. பொய் அறிக்கை எழுதியதற்காகத் தண்டனை பெற்ற போலீஸ்காரர் நாளைக்கு இன்னொருவரின் வழக்கில் கூண்டில் ஏறினால், அந்த இன்னொருவருக்கு இது தெரிய வேண்டும். "நியூயார்க்கில் பொய் சொன்ன போலீஸ்காரர்கள் இத்தனை பேர்" என்ற எண்ணிக்கையை வைத்து அவர் என்ன செய்வார்? அவருக்கு வேண்டியது அந்த ஒருவரின் பெயர்.

லாஸ் ஏஞ்சலஸில் இதுவே நடந்தது. நம்பகத்தன்மையில் சிக்கல் உள்ள சுமார் 300 பேர் பட்டியலை ஷெரிஃப் துறையே தயாரித்து அரசு வழக்கறிஞர்களிடம் கொடுக்க நினைத்தது. அங்குள்ள போலீஸ்காரர்களின் சங்கம் நீதிமன்றம் போய்த் தடுத்தது. 2017 கடைசியில் அந்தப் பட்டியலைப் பார்த்த லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் அதைச் செய்தியாக்கியது. வழக்கறிஞர்களை உஷார்ப்படுத்தத் துறைக்கு உரிமை உண்டு என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது 2019 ஆகஸ்டில்.

சுடுசோறு எழுதியது:

நம்மூரில் இதெல்லாம் எப்போது வருமாம்? "துறை ரீதியான நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற வரியோடு செய்தி முடிந்துவிடும், அப்புறம் என்ன ஆனது என்று

மட்டுறுத்துநர் எழுதியது:

சுடுசோறு, அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே வந்தால் வேறு திசையில் போய்விடும். மீதியை வெட்டியிருக்கிறேன்.

மழைக்குருவி எழுதியது:

நிரூபணமாகாத புகார்களைப் பற்றி பிள்ளை முதலிலேயே கேட்டார். அதற்கு இன்னும் பதில் வரவில்லையே?

கட்டம்போட்டசட்டை எழுதியது:

வருகிறேன். இதற்கு பஸ்ஃபீட்டை விட 2020ல் நடந்தது நல்ல உதாரணம். ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு அந்த ஜூனில் 50-ஏ ரத்தானது. புரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம் சிவிலியன் வாரியத்திடம் முறையாகக் கேட்டுப் பதிவுகளை வாங்கியது. போலீஸ் சங்கங்கள் நீதிமன்றத்தில் தற்காலிகத் தடை வாங்கின. ஆனால் புரோபப்ளிகா அந்த வழக்கில் தரப்பே இல்லை, தரவும் முன்பே கைக்கு வந்துவிட்டது. ஜூலைக் கடைசியில் வெளியிட்டார்கள்.

வாரியத்தின் முடிவுகள் பல வகை. நடந்தது, தப்புதான் என்பது ஒன்று. நடந்தது, ஆனால் விதிப்படி சரி என்பது ஒன்று. நடந்ததா என்று தீர்மானிக்கப் போதிய சான்றில்லை என்பது ஒன்று. நடக்கவே இல்லை என்பது இன்னொன்று. புரோபப்ளிகா கடைசி வகையை விட்டுவிட்டது. அதோடு, அப்போது பணியில் இருந்தவர்களில் ஒரு குற்றச்சாட்டாவது நிரூபணமான சுமார் 4,000 பேரை மட்டும்தான் சேர்த்தது. ஒரு புகார்கூட நிரூபணமாகாதவர் அந்தப் பட்டியலில் இல்லை. அப்பாவுடையது போன்ற வழக்கு அந்த வடிகட்டியில் வெளியே நின்றிருக்கும்.

ஆகஸ்டில் நியூயார்க் சிவில் உரிமைச் சங்கம் (போலீஸ் சங்கமல்ல, மக்கள் உரிமை அமைப்பு) வெளியிட்டது வேறு ரகம். 1985லிருந்து 81,550 பேர் மேல் வந்த 3,23,911 புகார்ப் பதிவுகள், வடிகட்டாமல். அவர்கள் எண்ணிப் பார்த்ததில் தண்டனையில் முடிந்தவை 3 சதவீதத்துக்கும் குறைவு. ஆய்வுக்கு அது தங்கச் சுரங்கம். தனி மனிதர் பெயரைத் தேடுபவர் கையில் கொடுக்க எனக்கு அது அவ்வளவு உவப்பில்லை.

பழையநிருபர் எழுதியது:

சான்றில்லை என்று முடிந்த புகார்களை அடியோடு தூக்கிவிடவும் முடியாது, சட்டை. புகார் கொடுத்தவரிடம் வீடியோ இல்லை, சாட்சி பக்கத்திலிருந்த இன்னொரு போலீஸ்காரர். சான்று எங்கிருந்து வரும்? ஒருவர் மேல் ஒரு புகார் என்றால் விட்டுவிடலாம். வேறு வேறு ஆட்கள், வேறு வேறு வருடம், எல்லாரும் ஒரே மாதிரி கழுத்தைப் பிடித்தார் என்கிறார்கள் என்றால்? ஃபிளாய்டைக் கொன்ற மினியாபொலிஸ் போலீஸ்காரர் டெரெக் சாவினே உதாரணம். 18 புகார்கள், நடவடிக்கையில் முடிந்தவை 2.

கூடவே இதையும் சொல்ல வேண்டும். அடிதடி அதிகமுள்ள பகுதியில் ராத்திரி ஷிப்ட் போகிறவருக்கும் போதைப்பொருள் பிரிவில் இருப்பவருக்கும் புகார் கூடுதலாக வரும், அலுவலகத்தில் கோப்பு பார்ப்பவருக்கு வராது. எண்ணிக்கையை மட்டும் வைத்து "மோசமான 10 போலீஸ்காரர்கள்" என்று தலைப்புப் போடுகிற ஆசிரியரை எனக்குத் தெரியும். அந்த மாதிரி ஆளிடம் இந்தத் தரவு போனால் பிள்ளையின் பயம் நிஜமாகிவிடும்.

காக்கிவீட்டுப்பிள்ளை எழுதியது:

மேலதிகாரி கையெழுத்து பற்றிச் சட்டை சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். வெகு நேரம் திட்டினார், பத்திரிகையை அல்ல, தன்னுடைய பழைய அதிகாரி ஒருவரை. அதை இங்கே எழுத முடியாது.

ஆனாலும் என் கோடு அதேதான். விசாரணை முடிந்து தண்டனையானதைப் பெயரோடு போடுங்கள், அதற்குக் கையெழுத்திட்டவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். தண்டனையில் முடியாத புகாருக்குப் பெயர் வேண்டாம். வீட்டு முகவரி, போன் நம்பர், குடும்பம், வைத்தியம் எதுவும் வேண்டவே வேண்டாம். மன அழுத்தத்துக்கு ஆலோசனைக்குப் போனது தெரிந்துவிடும் என்றால் ஒருவரும் போக மாட்டார்கள்.

சட்டப்புள்ளி எழுதியது:

கடைசியாகச் சொன்னதை 2020 திருத்தமே சேர்த்துக்கொண்டது. 50-ஏவை ரத்து செய்தபோது வீட்டு முகவரி, சொந்த போன், சமூகப் பாதுகாப்பு எண், மருத்துவ விவரம், மனநல ஆலோசனை எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். பொதுமக்களோடு சம்பந்தமில்லாத சின்ன விதிமீறல்களை அழித்துவிட்டுக் கொடுக்கவும் இடம் வைத்தார்கள். லேட்டாக வந்தவன் பற்றிக் கேட்டீர்களே, அவனுக்கான இடம் அது.

சங்கங்கள் போட்ட வழக்கு 2021 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் ஏறக்குறைய முழுக்கத் தோற்றது. வெளியே தெரிந்தால் உயிருக்கு ஆபத்து என்ற வாதத்துக்கு, ஏற்கெனவே இப்படிப் பதிவுகளைத் தரும் மாநிலங்களில் ஆபத்து கூடியதற்குச் சான்று காட்டவில்லை என்றது நீதிமன்றம். அடுத்த மாதமே போலீஸ் துறை தானாகவே அதிகாரிகளின் விவரப் பக்கங்களை இணையத்தில் ஏற்றியது.

மழைக்குருவி எழுதியது:

அப்படியென்றால் 2018ல் கசியவிட்டவர் இப்போது அதே தாளைச் சாதாரணமாக விண்ணப்பம் போட்டு வாங்கலாமா?

கட்டம்போட்டசட்டை எழுதியது:

விண்ணப்பம் போடலாம். எப்போது வரும் என்று மட்டும் கேட்காதீர்கள்.